இரண்டாவது பொத்தான் வரை

உன் வீட்டுச் சுவருக்கு இன்று காலை ப்ரைமர் அடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாசனை மதிலைத் தாண்டி என் மாடி அறைக்கு வந்துவிட்டது. ஓதம் ஏறிய சுவரில் ப்ரைமர் பட்டால் ஒரு புளித்த வாடை கிளம்பும். உனக்குத் தெரியாததா? எத்தனை சுவர்களுக்கு அப்படி அடிக்கச் சொல்லியிருக்கிறாய். பெயின்டர்களில் ஒருவன் பழைய தண்ணீர்க் கோட்டின்மேல் இரண்டு தடவை பட்டி பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, சுவரு குடிச்சிக்கினே கீது" என்று உன் மனைவியிடம் அலுத்துக்கொண்டான். கஸ்தூரி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உன் வீட்டை விற்கப் போகிறாள். வாங்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறான். அவனுக்குக் கடன் தரும் கம்பெனியிலிருந்து நாளைக் காலை பதினோரு மணிக்கு வேல்யூவர் வருகிறார், வீட்டின் மதிப்பைப் பார்த்து எழுத. நேற்று மாலை கஸ்தூரி என் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"அண்ணா, நாளைக்கு யார் என்ன கேட்டாலும் வாயைத் தெறக்காதீங்க. தெறந்தா எல்லாரும் சொல்றதையே சொல்லுங்க. உங்ககிட்ட நான் வேற எதுவும் கேக்கல."

நீ போன பிறகு அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னைப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுதும் எண்ணம் எனக்கில்லை. அதை உன் பத்தாம் நாள் காரியத்தில் தெருவே செய்து முடித்துவிட்டது. என்னை அழைக்கவில்லை. மாடியிலிருந்தே கேட்டேன். பரோபகாரி என்றார்கள். நீ மனை விற்ற புரோக்கர். எனக்கும் விற்றாய். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

சித்திரை வெயிலில் உன் மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து என்னை அழைத்துவந்தாய். முடிச்சூர்ப் பக்கம் அப்போது இத்தனை தெருக்கள் இல்லை. வேலிகாத்தான் முள்ளும் வெடித்த மண்ணும்தான். செருப்புக் காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்து, இங்கிருந்து அங்குவரை என் மனை என்றாய். மூலையில் கோரை பச்சையாக நின்றது. நான் அருப்புக்கோட்டைப் பக்கத்து வறண்ட ஊர்க்காரன், பச்சையைக் கண்டால் மனம் இளகிவிடும். கோரை நின்றால் தண்ணீர் நிற்கும் என்று இந்த ஊரில் மாடு மேய்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன், மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று.

"இன்னா சார் நீ. கால் நனையும். அவ்ளோதான். மழைன்னா கால் நனையத்தான செய்யும்."

அந்த ஒரு வாக்கியத்தின்மேல் வீடு கட்டினேன். பக்கத்து மனையை நீயே வைத்துக்கொண்டது எனக்குத் தைரியமாக இருந்தது. விற்கிறவனே குடிவருகிற இடம் கெட்டதாக இருக்காது என்று நினைத்தேன். விலை போகாமல் உன் கையிலேயே தங்கிவிட்ட மனை அது என்பது பின்னால்தான் தெரிந்தது.

முப்பது வருடம் பக்கத்து வீடு. நான் தாம்பரத்தில் ரயில்பெட்டி பழுதுபார்க்கும் இடத்தில் ஃபிட்டர். பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. பங்குகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கு நடுவே கிடந்த வணிக அகராதி ஒன்றை வாங்கிவந்து, கம்பெனி ஆண்டறிக்கைகளை ஒவ்வொரு சொல்லாகத் தடவிப் படித்தேன். ரயில்பெட்டியின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, வரும் சத்தத்தை வைத்து விரிசல் எங்கே என்று கண்டுபிடிப்போம். அறிக்கையையும் அப்படித்தான் தட்டிப் பார்த்தேன். நீ என்னை 'ஷேரு' என்று கூப்பிட ஆரம்பித்தாய். பிறகு தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. நான் வாங்கியது நம் தெருவில் பாதி வீடுகளுக்குக் கடன் கொடுத்த கம்பெனியின் பங்கு. தவணை தவறாமல் கட்டுகிறவர்களைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன், இதைவிட வேறென்ன உத்தரவாதம் வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. மேலே ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்து, அடையாறு கரை தாண்டி, பொழுது விடியும் நேரத்தில் நம் தெருவுக்குள் புகுந்தது. என் மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு நீச்சல் தெரியாது. சமையல் மேடைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். நீ கதவை உதைத்துத் திறந்து மார்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தாய்.

"எறங்கு ஷேரு. கால்தான் நனையும்."

நான் உன் அம்மாவைச் சேர்த்துத் திட்டினேன். நீ சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து இறக்கினாய். தண்ணீர் என் சட்டையின் மேலிருந்து இரண்டாவது பொத்தானைத் தொட்டது. அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே வந்தேன், அது முழுகினால் செத்தோம் என்று. மூன்று தெரு தாண்டி மேட்டிலிருந்த கல்யாண மண்டபம்வரை என்னை இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்தாய். என்னைத் தண்ணீரில் கொண்டுவந்து வைத்தவன் நீ. தண்ணீரிலிருந்து தூக்கியவனும் நீ. இரண்டையும் நான் மறந்ததில்லை. ஒன்றுக்காக இன்னொன்றைக் கழித்துக்கொள்ளவும் இல்லை.

தண்ணீர் வடிந்ததும் அது நின்ற உயரத்தில் என் வீட்டு வெளிச்சுவரில் சிவப்பு ஆயில் பெயின்டால் கோடு போட்டேன். நீ உன் வீட்டுக்குப் பட்டி பார்த்து வெள்ளை அடித்தாய். தெரு உன்னைப் பின்பற்றியது. அப்புறம் நான் என் மொட்டை மாடியில் ஓர் அறை கட்டினேன். "ஷேரு கப்பல் கட்றாரு" என்றாய். அதற்கும் தெரு சிரித்தது.

நம் சண்டை அங்கே தொடங்கியது. டீக்கடையில் உனக்கு நான் எத்தனை தடவை விளக்கியிருப்பேன். கடன் கொடுக்கும் கம்பெனி பணத்தைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. நம் தெரு, பக்கத்துத் தெரு, இன்னும் ஏரிக்குள் நிற்கும் எத்தனையோ தெருக்கள், எல்லா வீட்டுக் கடன்களையும் சேர்த்துக் கட்டி, அதன்பேரில் பத்திரம் போட்டு பம்பாயில் விற்கிறது. ஒரு மியூச்சுவல் ஃபண்ட் அதை வாங்குகிறது. அந்த ஃபண்டில் எங்கோ ஒரு டீச்சர் ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்ததைப் போட்டிருக்கிறாள். அவள் கையில் இருக்கும் காகிதத்துக்கு அடியில் நம் வீடுகள் இருக்கின்றன. வீடுகளுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. முன்பெல்லாம் ஐப்பசியும் கார்த்திகையும் பரவிப் பெய்த மழை இப்போது இரண்டு நாளில் கொட்டித் தீர்க்கிறது. கடல் சூடேற ஏற மேகம் கனக்கும், இனி இப்படித்தான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காகிதத்தில் தண்ணீர் என்ற சொல்லே கிடையாது. வேல்யூவர் கேட்டபோது நம் தெரு ஒரே வாயாக 'கால் நனையும்' என்று சொன்னதால் கிடையாது.

நீ டீயை ஊதிக்கொண்டே கேட்டாய், "ஏன் ஷேரு, பம்பாய்க்காரன் இன்னா உன் மச்சானா? அவன் பேப்பரு நனைஞ்சா உனக்கு இன்னா பேஜாரு?"

"அவன் ஏமாறலாமா?"

"நான் ஏமாறல? நீ ஏமாறல? அவனும் ஏமாறட்டும். வூடுன்னா கை மாறிக்கினே இருக்கணும்ப்பா. கடைசியா எவன் கைல கீதோ அது அவன் பாடு."

டீ மாஸ்டர், "ஷேரு சாருக்கு ஒரு டீ, தண்ணி கம்மியா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அன்று நீ சொன்னதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். பெரிய பெரிய கம்பெனித் தலைவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். நீ வாய்விட்டுச் சொன்னாய், அதுதான் வித்தியாசம்.

கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில் கேட்டே விடுவது என்று முடிவெடுத்தேன். கூட்டம் கம்ப்யூட்டரில் நடந்தது. தாம்பரம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். நீங்கள் கடன் கொடுத்த வீடுகளில் எத்தனை ஏரிக்குள் நிற்கின்றன? தலைவர் புன்னகைத்து, பங்குதாரரின் அக்கறைக்கு நன்றி என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அடுத்தவர் கூட்டத்தில் டிபன் பாக்கெட் தராதது பற்றிக் கேட்டார். அவருக்கு நீளமாகப் பதில் சொன்னார்கள். நீ இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தாய்.

வேல்யூவர் வரும் நாளில் நம் தெரு எப்படி மாறும் என்பதை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். வாசலில் அடுக்கியிருக்கும் மணல் மூட்டைகள் முதல் நாளே கொல்லைக்குப் போகும். ஓதம் தெரியும் இடத்தில் காலண்டர், பூந்தொட்டி, சாய்த்து நிறுத்திய கட்டில். யாரைக் கேட்டாலும் ஒரே பதில். நீதான் ஏற்பாடு. இன்று அவன் வீடு, நாளை உன் வீடு என்று சொல்லியே எல்லாரையும் கட்டிப்போட்டாய். மூன்று வீடுகள் அப்படிக் கை மாறின. அந்த நாட்களில் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவேன். பொய் சொல்லவில்லை என்ற திருப்தி எனக்கு. கதவு சாத்தியிருப்பதில் தெருவுக்கும் திருப்தி.

பிறகு உனக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இன்னொரு வெள்ளத்தை உன் உடம்பு தாங்காது என்று நீயே சொன்னாய், பாதி விளையாட்டாக. திருநீர்மலை அடிவாரத்தில் இரண்டாம் மாடியில் ஒரு ஃப்ளாட் பார்த்து முன்பணம் கொடுத்தாய். "மேல பெருமாள், கீழ நான். தண்ணி வந்தா ரெண்டு பேரும் சேந்து வேடிக்கை பாப்போம்" என்றாய். இந்த வீட்டை விற்றுத்தான் மீதியைக் கட்டவேண்டும். வாங்க ஒரு சின்ன வயசுத் தம்பதி வந்தார்கள். இருவரும் சிறுசேரியில் வேலை. கைக்குழந்தை.

வேல்யூவர் வந்த அன்று நான் கதவைச் சாத்தவில்லை.

ஏன் என்று நீ உயிரோடு இருந்தவரை கேட்கவில்லை. கஸ்தூரியும் கேட்கவில்லை. சொல்கிறேன். அந்தப் பெண் தன் குழந்தையை உன் வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டிருந்தாள். என் வாசலிலிருந்து நேராகத் தெரிந்தது. அது தவழ்ந்து போய், சுவரைப் பிடித்து, தள்ளாடி எழுந்து நின்றது. அதன் தலை எங்கே வந்தது என்று பார்த்தேன். நீ வெள்ளை அடித்து மறைத்த கோட்டுக்கு வெகு கீழே. அது ஒன்று. முந்தின நாள் டீக்கடையில் நீ கம்பெனித் தலைவரைப் போல என்னிடம் நடித்துக்காட்டி, "நன்றி பங்குதாரரே" என்று கையாட்டினாய். அது இன்னொன்று. எது முதலில் என் கதவைத் திறந்துவைத்தது என்று எனக்கே தெரியாது.

ஒல்லியான பையன் அந்த வேல்யூவர். அளக்கும் கருவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். நீ அவனுக்குப் பின்னால் வந்து நின்றாய்.

"சார் பக்கத்து வீடா? இங்க மழைக்குத் தண்ணி எவ்ளோ நிக்கும்?"

நீ கண்ணாலேயே கெஞ்சினாய். முப்பது வருடத்தில் உன் கண்ணில் நான் அதைப் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கையை எடுத்துச் சட்டையின் இரண்டாவது பொத்தானில் வைத்து, "இதுவரைக்கும்" என்றேன்.

அவன் என் கையைப் பார்த்தான். என் சுவரிலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தான். டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொண்டான். உள்ளே அந்தப் பெண் தன் குழந்தையைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், தண்ணீர் அப்போதே வந்துவிட்டதைப் போல. அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் நீ என் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்:

"நல்லாரு ஷேரு. நல்லாரு."

வீட்டின் மதிப்பைப் பாதிக்குமேல் குறைத்து எழுதிவிட்டான் என்று பிறகு சொன்னார்கள். அந்தத் தம்பதிக்குக் கடன் கிடைக்கவில்லை. அவர்களும் முயலவில்லை. அந்த உயரம் நான் பங்கு வாங்கிய அதே கம்பெனியின் பதிவில் ஏறியது. அதோடு நம் தெருவில் எந்த வீட்டுக்கும் அவர்கள் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். வெள்ளத்துக்கான இன்சூரன்ஸைப் புதுப்பிக்கப் போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஃப்ளாட்டுக்கு நீ கொடுத்த முன்பணம் போயிற்று. தெரு என்னோடு பேசுவதை விட்டது. என் கேட்டுக்கு முன்னால் குப்பை கொட்டினார்கள். நான் ஒவ்வொரு நாளும் பெருக்கி அள்ளினேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் தண்ணீரைக் கொண்டுவரவில்லை, உயரத்தைச் சொன்னேன்.

அடுத்த பெருவெள்ளம் இரண்டு மழைக்காலம் கழித்து வந்தது. இந்தத் தடவை பட்டப்பகலில். மதியத்துக்குள் முழங்கால், இரண்டு மணிக்குள் இடுப்பு. கஸ்தூரி ஒரு பையைத் தலையில் வைத்துக்கொண்டு மதிலைப் பிடித்துப் பிடித்து வந்து என் மாடி ஏறினாள். நீ வரவில்லை. உன் வீட்டு வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

நான் கைப்பிடிச் சுவரருகே வந்து, "ஏறி வாடா" என்றேன்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். "கால்தான் நனையும். நீ மேல இருந்து வேடிக்கை பாரு ஷேரு."

கஸ்தூரி கூப்பிட்டாள், கத்தினாள், பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கு நீ மட்டும்தான் என்றாள். நீ அவளுக்குக் கை காட்டினாய், பயப்படாதே என்பதுபோல. கடைசியில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கூப்பிடுங்கண்ணா. இன்னொரு தடவை கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டா வந்துடுவாரு."

"ஒரு தடவை கூப்பிட்டாச்சு" என்றேன்.

உனக்கு அது கேட்டதா என்று தெரியாது. கேட்டிருக்கும். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தானே.

மழை மறுபடி வலுத்து உன் வராந்தாவை மறைத்துவிட்டது. பொழுது சாய்வதற்குமுன் கோவளத்திலிருந்து மீனவர்கள் லாரியில் படகைக் கொண்டுவந்து இறக்கித் தெருவுக்குள் ஓட்டிவந்தார்கள். அவர்களில் ஒருவர் உன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாடியை நோக்கிச் சொன்னார்: "ஆள் போயிட்டாருண்ணா. தண்ணி குடிக்கல. நெஞ்சு நின்னுட்டாப்ல கீது." நீ ஜன்னல் கம்பியை விடவே இல்லை. நின்றபடியே இருந்தாய். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். தண்ணீர் எங்கே நின்றது என்று என் கண் பார்த்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம். உன் சட்டையின் இரண்டாவது பொத்தான். நான் சொன்ன உயரம் ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. அடுத்த ஆண்டறிக்கையில் ஒரு புதுப் பக்கம் இருந்தது. பருவநிலை மாற்றத்தால் வரும் ஆபத்து என்று தலைப்பு, பக்கத்தில் ஒரு பச்சை இலையின் படம். சென்னையின் தென்புறத்துத் தாழ்வான பகுதிகளில் கடன்களை முன்கூட்டியே குறைத்துக்கொண்டதால் கம்பெனி பாதுகாப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அகராதியைப் பார்க்கவேண்டிய சொல் ஒன்றும் இல்லை. அறிக்கை வந்த அன்று பங்கு விலை ஏறியது. விவேகமான நிர்வாகம் என்று பேப்பரில் மெச்சினார்கள். தாழ்வான பகுதி என்றால் நீ. நம் தெருவைக் கைகழுவியதற்குச் சந்தை கொடுத்த பரிசில் என் பங்குகளுக்கும் ஒரு துளி வந்து சேர்ந்தது. இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன். யாரிடம் விற்பது? வாங்குகிறவனிடம் இதன் அடியில் யார் நிற்கிறார் என்று நான் சொல்லவேண்டும். அதற்கு அந்தக் காகிதத்தில் இடம் கிடையாது.

ஒன்று மட்டும் உனக்கு எதிராகச் சொல்வேன். அந்த மழையில் அந்த வராந்தாவில் யாராவது நின்றுதான் இருப்பார்கள். நீ இல்லையென்றால் அந்தப் பெண்ணும் குழந்தையும். அது இன்று எங்கோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீ கைமாற்றிவிடப் பார்த்தது வீட்டை மட்டுமல்ல.

இதை நாளை வேல்யூவரிடமும் சொல்லவேண்டும். வாங்க வருகிறவனுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் கஸ்தூரி என் கேட்டுக்கு வெளியே நின்ற நிற்பு கண்ணை விட்டுப் போகவில்லை. விற்றுவிட்டுச் செங்கல்பட்டில் தங்கையோடு போய் இருக்கவேண்டும் என்கிறாள். ஒவ்வொரு மழைக்கும் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பாள்? இந்தக் கம்பெனி புதியது, நம் தெருவின் கதை அதற்குத் தெரியாது என்று நம்புகிறாள்.

மேலே இருப்பது நேற்று எழுதியது.

இன்று காலை நாலு மணிக்கே விழித்துவிட்டேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். ரயில்வேயில் அத்தனை வருடம், ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் தளர்ந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதற்காக மெமோ வாங்கியவன் நான். சொல்ல வாய் வர நேரம் ஆயிற்று.

வந்தது ஒரு பெண் வேல்யூவர். கையில் டேப் இல்லை, டேப்லட் மட்டும். உன் வீட்டுக்குள் ஐந்து நிமிடம்தான் இருந்தாள். பெயின்ட் இன்னும் காயவில்லை, சுவரில் சாயாதீர்கள் என்று கஸ்தூரி சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். நான் என் வாசலில் நின்றேன். என் சிவப்புக் கோட்டின்மேல் ஈர வேட்டியைக் காயப் போட்டிருந்தேன். ஆமாம், நானேதான்.

"சார், நீங்க ரொம்ப வருஷமா இருக்கீங்களா? மழைக்குத் தண்ணி எப்படி?"

"கால் நனையும்" என்றேன். "அவ்ளோதான். மழைன்னா கால் நனையத்தான செய்யும்."

உன் குரலிலேயே வந்தது.

அந்தப் பெண் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான் கேட்டேன் சார். எல்லாம் மேப்புலயே வந்துடுது" என்று டேப்லட்டைத் திருப்பிக் காட்டினாள். நம் தெரு சிவப்பாக இருந்தது. உன் வீட்டின்மேல் விரலை வைத்ததும் ஒரு உயரம் வந்தது.

"இது எப்படித் தெரியும்?" என்றேன்.

"பழைய ரிப்போர்ட்டுங்களை எல்லாம் சேத்து ஒருத்தர் மேப்பு போட்டு விக்கிறாரு சார். இப்ப எல்லாக் கம்பெனியும் அதைத்தான் வாங்குது. இதுல பாருங்க, பக்கத்து வீட்டுல விசாரிச்சு, சுவத்துல அளந்ததுன்னு போட்டிருக்கு." பிறகு கஸ்தூரியிடம், "கஷ்டம்தாம்மா. நான் எழுதி அனுப்புறேன். ஆனா கஷ்டம்தான்" என்றாள்.

அவள் ஸ்கூட்டர் போன பிறகு தெருவில் நானும் கஸ்தூரியும் மட்டும். அவள் என் வேட்டியை எடுத்து மடித்து மதில்மேல் வைத்தாள். சிவப்புக் கோடு வெளியே வந்தது.

"இந்தப் பொய்யை அன்னிக்குச் சொல்லியிருக்கலாமேண்ணா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. காய்கறிக்காரன் நேற்றே வந்திருக்கலாமே என்பதுபோலச் சொன்னாள். உள்ளே போய்ப் பெயின்டர்களிடம் இரண்டாவது கோட் வேண்டாம் என்றாள். அவர்கள் ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உன் சுவர் பாதி வெள்ளையாக நிற்கிறது. கீழே ஓதம் அதற்குள் தலைகாட்டிவிட்டது.

உனக்கும் எனக்கும் இருந்த ஒரே வித்தியாசம் நான் பொய் சொன்னதில்லை என்பது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் உன்னைத் திட்டினேன். அதையும் இன்று கொடுத்துவிட்டேன். அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை.

ஆனாலும் கேட்டுக்கொள். அந்தக் குழந்தை மறுபடி உன் கூடத்தில் தவழ்ந்தால் என் கை மறுபடி அதே பொத்தானுக்குத்தான் போகும். அதை நான் திருத்தமாட்டேன். திருத்தவேண்டியது வேறு. காலையில் சட்டை போடும்போது விரல் அந்தப் பொத்தானில் வந்து நின்றுவிடுகிறது, மறுபடி அந்த வெள்ளத்தன்று நான் மாடியில் நிற்கிறேன், கஸ்தூரி என் முகத்தைப் பார்க்கிறாள். இன்னொரு தடவை என்கிறாள். வாயைத் திறந்தால் போதும்.

வெளியே இப்போது தூற ஆரம்பித்திருக்கிறது. கைப்பிடிச் சுவரருகே போனேன். கஸ்தூரி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "ஏறி வாம்மா" என்றேன். அவள் நிமிரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்புறமும் கூப்பிட்டேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவில் தண்ணீர் இன்னும் வரவில்லை. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.